இன்றைக்கு ஜெயம்மாவின் முறை

இருசம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்ததாக அந்த ஏரிக்கரைக் குப்பத்தில் ஒருத்தரும் சத்தியம் செய்ய முடியாது. மீன் காயவைக்கும்போது பேசுவாள், வலை கிழிசலைத் தைக்கும்போது பேசுவாள், சோற்றை மென்றுகொண்டே பேசுவாள். ஆனால் மனசு தங்கம். யாருக்கு எங்கே தலைவலி என்றாலும் சுக்கை இடித்துக்கொண்டு முதலில் ஓடுகிறவள் அவள்தான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு கவலை. பக்கத்துக் குடிசை ஜெயம்மா பேசுவதையே விட்டுவிட்டாள். அவள் புருஷன் எல்லப்பன் ஒல்லாந்தர் கப்பலில் வேலைக்கு ஏறி, கடல் தாண்டி, அவர்கள் ஆள்கிற பத்தாவிப் பட்டணத்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு சேதியும் இல்லை. முன்பெல்லாம் வேலியைத் தாண்டி வந்து குழம்பு ருசி பார்த்த ஜெயம்மா, இப்போது இருசம்மாளைக் கண்டாலே வேறு வழியாகப் போனாள். இத்தனை வருஷச் சிநேகிதி கைவிட்டுப் போகிறாளே என்று இருசம்மாளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"காலையில மீனைக் காயப்போட்டுட்டு சும்மாதானே குந்திகீறோம்? நாலு விஷயம் பேசுவோம் வாடி" என்று அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். படகுகள் கரை சேரும்வரை புங்கமரத்தடியில் உட்காருவது என்று ஏற்பாடு. மூன்றாவது ஆள் ஜைனம்பு. பழவேற்காட்டுக் கோட்டைத் தெருவில் துணி வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண். கருவாடு வாங்க வந்தவள், பேச்சில் மாட்டிக்கொண்டாள்.

ஊர்வம்பு பேசக்கூடாது. ஒருத்தி ஒரு விஷயத்தைப் போட வேண்டும், மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஜைனம்பு கேட்டாள்: "செத்தவங்க கல்லறைக் கல்லுல இந்த ஒல்லாந்தருங்க ஏன் மண்டையோட்டைச் செதுக்கறாங்க?"

நல்ல கேள்வி. ஜெயம்மாகூட நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அதற்குள் இருசம்மாள், "நரி தோண்டாம இருக்கத்தான், வேற இன்னாத்துக்கு!" என்று ஆரம்பித்து நரியிலிருந்து நாய்க்கும், நாயிலிருந்து தன் நாத்தனாருக்கும் போய், கடைசியில் எல்லப்பனிடம் வந்து நின்றாள். "நீ கவலைப்படாதே ஜெயா. வந்துருவான். முழுசா வந்துருவான், பாரு."

ஜெயம்மா மூன்றாம் நாள் வரவில்லை.

"வரமாட்டேங்கறா, பேசமாட்டேங்கறா" என்று இருசம்மாள் புருஷனிடம் புலம்பினாள். பச்சைமுத்து துடுப்பைச் சாத்திவிட்டுச் சிரித்தான்.

"நீ வுட்டாத்தானே அவ பேசுவா? ஏரியில ஒருத்தன் முறைன்னா, அன்னிக்கு அந்த இடத்துல அடுத்தவன் வலை போடுவானா? அவன் வெறுங்கையோட திரும்பினாகூட நாங்க கரையிலதானே நிக்கறோம்? அந்த நியாயம் உன் பேச்சுல கீதா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அன்று குழம்பில் உப்பு இரண்டு மடங்கு. ஆனாலும் விடிந்ததும் ஜெயம்மாவின் வாசலில் போய் நின்றாள்.

"ஏரி மாதிரி முறை வெச்சுக்கலாம்டி. உன் முறையன்னிக்கு நாங்க வாயே தொறக்கமாட்டோம். சத்தியம்."

"யாரு, நீங்களா அக்கா?" என்று, கருவாட்டுக்கு வந்து நின்ற ஜைனம்பு முக்காடு நழுவுகிற அளவுக்குச் சிரித்தாள்.

ஜெயம்மாவின் முதல் முறை வந்தது. அவள் மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல் இல்லை. இருசம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் பட்ட அவஸ்தை பிரசவ வலிக்குக் குறைந்ததில்லை. இரண்டாவது முறையும் அப்படியே போயிற்று. ஆனால் ஜெயம்மா வந்தாள். அதுவே பெரிது.

மூன்றாவது முறையன்று கோட்டையில் பீரங்கி வெடித்தது. "பத்தாவிக் கப்பல்! பத்தாவிக் கப்பல்!" என்று கூவிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். அன்று ஏரியில் முறை இல்லாமல் கரையில் இருந்த பச்சைமுத்தும் கடல் பக்கம் ஓடினான். இருசம்மாள் பாதி எழுந்துவிட்டாள். 'வந்துட்டான்டி!' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியம் ஞாபகம் வர, அதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜெயம்மா மணலைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"வந்துட்டா நான் இன்னாக்கா பண்ணுவேன்?" என்றாள்.

ரவிக்கையில்லாத தோளிலிருந்து சேலையைக் கொஞ்சம் விலக்கினாள். தோள்பட்டைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்புகள்.

"அடுப்புக் கொள்ளி. எல்லாரும் வருவான் வருவான்றீங்க. நீதான் ரொம்ப சொல்றே. ஒவ்வொரு வாட்டி சொல்றப்பவும் எனுக்கு ஈரக்கொலை நடுங்குது. இந்த மூணு வருஷமாத்தான்கா நான் நிம்மதியா தூங்கறேன்."

இரண்டு குடிசைக்கும் நடுவில் இருப்பது ஓலைத் தடுப்பு. அங்கே விழுந்த அடி இங்கே கேட்காமலா போயிருக்கும்? அந்த நேரமெல்லாம் தான் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது இருசம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. மெதுவாகக் கையைத் தூக்கி அனுமதி கேட்டாள்.

"சொல்லுக்கா."

"இப்ப நீ இன்னா பண்ணணும்னு நெனக்கறே?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் ஆயுசில் அது முதல் தடவை.

"அவன் வந்தா... உன் வூட்ல படுத்துக்கவா?"

"எங்க வூட்டு ஆம்பள படகுல படுத்துக்குவாரு. நீ வா."

"எங்க வீட்டுக் கதவு தேக்கு. நாலு பேர் வந்து இடிச்சாலும் அசையாது. அங்கயும் வரலாம்" என்றாள் ஜைனம்பு. பிறகு மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறியபின் பச்சைமுத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "ஆறு பேரு வந்துகீறாங்க. எல்லப்பன் இல்லம்மா."

ஜெயம்மா மூச்சை விட்டாள். அதற்குள் சேதி கேட்டுக் குப்பத்துப் பெண்கள் திமுதிமுவென்று வந்துவிட்டார்கள். "அடிப் பாவி மவளே, அழாதேடி! அடுத்த கப்பல்ல கண்டிப்பா..."

இருசம்மாள் மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குறுக்கே போய் நின்றாள்.

"நில்லுங்கடி! இன்னிக்கு ஜெயம்மா முறை. ஒருத்தியும் இங்க வலை போடக்கூடாது."

வந்தவர்கள் நாலடி பின்வாங்கினார்கள். பச்சைமுத்து தன் பெண்டாட்டியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஜெயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, அந்த மண்டையோட்டு விஷயம்... அன்னிக்கே எனுக்கு ஒண்ணு தோணுச்சு."

"சொல்லுடி" என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு இருசம்மாள் கேட்க உட்கார்ந்தாள்.