மன்றாட்டு மாலையின் முதல் பாதி

எங்கள் எஸ்டேட் லயத்தில் யார் இறந்தாலும் ஜெபம் சொல்வது என் கணவர் சுவக்கீன்தான். புனிதர்களின் மன்றாட்டு மாலை முழுவதும் அவருக்கு மனப்பாடம். தேயிலைக் காட்டில் கவாத்து வெட்டிவிட்டு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார்.

ஒரு சாவு வீட்டில், பாதி மாலையிலேயே அவர் குரல் மூக்கால் வரத் தொடங்கியது. இமைகள் சரிந்தன. வார்த்தைகள் குழறின.

"அண்ணனுக்கு இன்னைக்குச் சுதி ஏறிருச்சுடோய்" என்றான் பின்னால் இருந்த பாஸ்கல். சாவு வீடென்றும் பாராமல் சிரித்தார்கள். என் கணவர் குடிக்காதவர். அடுத்த சாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. பாஸ்கல் புத்தகத்தைப் பார்த்து வாசித்தான். சோற்றை மெல்ல முடியாமல் போனதைவிட அதுதான் அவரை அரித்தது.

தேவிகுளத்திலிருந்து மலையிறங்கி இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரைப் பார்ப்பதென்றால் எங்கள் ஆட்கள் முந்தின நாளே லீவு போட்டுத் தூங்கி, சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போவதுபோலக் கிளம்புவார்கள். இவர் பஸ்ஸிலும் தூங்குவார். அங்கே போய் நிற்கும்போது கண் அகலத் திறந்திருக்கும், பேச்சும் தெளிவாக இருக்கும். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஓய்வெடுத்தால் ஒளிந்துகொள்ளும் நோய் அது என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த முறை பார்த்த டாக்டர் ஷீனா, "எப்பக் கூடுதலாகும்?" என்று கேட்டார்.

"ஜெபம் சொல்லும்போது, டாக்டர்" என்றேன்.

"அப்ப இங்க சொல்லட்டும். நிறுத்தாம. கண்ணு மேல ஃபேனைப் பார்க்கணும்."

என் கணவர் புனிதர்களை ஒவ்வொருவராக அழைத்தார். பாதியில் குரல் உடைந்தது, இமை விழுந்தது. டாக்டர் "போதும்" என்றார். குடியில்லை என்பதை ஒருவராவது கண்ணால் பார்த்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் விளக்கினார்: நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சிறு வயதில் அங்கேதான் பழகுகின்றன, எது நம் உடம்பு, எது அயல் என்று. வயதானால் அது சுருங்கிவிட வேண்டும். இவருக்கு வீங்கியிருந்தது. பாடம் தப்பிய அணுக்களால், நரம்பு தசையோடு பேசும் இடத்தையே உடம்பு தாக்கிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்தார்கள். "வாத்தியாரைத் தூக்கியாச்சு. தப்பாப் படிச்ச புள்ளைங்க இன்னும் உள்ளதான சுத்துதுக?" என்று இவர் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, ஆமாம், குணமாக வருடங்கள் ஆகும் என்றார்.

ஊர் திரும்பியதும் பாஸ்கல் வந்து வாசலில் நின்றான். "அண்ணே, மொதப் பாதி நீங்க சொல்லுங்க. மிச்சம் நான் பாத்துக்கிறேன்."

"சுதி ஏறுறதுக்குள்ள நிறுத்திருறேன்டா" என்றார். பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்படித்தான் நடந்தது. பாதி முடிந்ததும் இவர் உட்கார்ந்துவிடுவார், யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கியது. இருமித் துப்பக்கூட அவர் தசைகளுக்கு வலு இல்லை. ஜீப் மலையிறங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அன்று எங்கள் வீட்டு ஜெபத்தில் பாஸ்கல் எழுந்து, பழக்கத்தில், பாதியிலிருந்து தொடங்கினான். யாரும் திருத்தவில்லை. எல்லோரும் கட்டன்சாயா குடிக்க வெளியே போன பிறகு, முதல் பாதியை நான் சொன்னேன்.