அசையாமல் நின்ற சைக்கிள்

உலகச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டியில் இரண்டே பேர்தான். போன வருடத்துச் சாம்பியன் ஒருத்தி. இன்னொருத்தி, வீட்டில் எல்லோரும் ‘பம்பரம்’ என்று கூப்பிடும் இவள். ஆளுக்கொரு பந்தயம் ஜெயித்திருந்தார்கள். இந்த மூன்றாவதில் முந்துபவளுக்குத்தான் தங்கம்.

பயிற்சியாளர் வேறு யாருமில்லை, இவளுடைய அக்காதான். சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டே காதில் சொன்னாள்: "பின்னாடி வர்றவளுக்குக் காத்து அடிக்காது. அதனால உன்னை முன்னாடி தள்ளத்தான் பார்ப்பா. நடுவுல நின்னுடுவா பாரு."

"நிக்கட்டுமே. எனக்கென்ன ரயிலுக்கா நேரமாச்சு?"

சொன்னபடியே சாம்பியன், சரிவான மரத்தளத்தில் சைக்கிளை அப்படியே நிறுத்தினாள். பம்பரமும் கால் ஊன்றாமல் அவளுக்குப் பின்னால் நின்றாள். அரங்கமே மூச்சடக்கியது. முதன்முதலாகப் பந்தயம் பார்க்க வந்த சித்திக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏண்டி, ஓட்ட வந்தியா, நிக்க வந்தியா?"

பம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாளே தவிர, சைக்கிள் இம்மியும் அசையவில்லை. சாம்பியனின் தொடைதான் முதலில் நடுங்கியது. வேறு வழியில்லாமல் அவள் பாய்ந்தாள். பம்பரம் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். கடைசி வளைவில் வெளிப்பக்கமாக ஏறி, ஒரே மூச்சில் இறங்கி, அரைச் சக்கரம் முந்திக் கோட்டைத் தாண்டினாள்.

அந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது; வேகம் மெல்ல மெல்லத்தான் குறையும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட ஓடிவந்தாள்.

"போதும்டி, இறங்கு!"

"இரு அக்கா, இன்னொரு சுத்து போயிட்டு வர்றேன்."