வ்ரெலோவின் பெண்கள் குரலிழந்த கோடை

சுவிட்சர்லாந்துக்காரர் உர்ஸ் "இந்த நாட்டில் இப்படித்தான்" என்று எதைச் சொன்னாலும், மறுநாள் விடிவதற்குள் வ்ரெலோவில் அது வழக்கமாகிவிடும். போஸ்னியாவின் மலையோரச் சிற்றூர் எங்களுடையது. ஒரு பள்ளிவாசல், ஒரு ஆறு, தேவைக்கு மேல் காப்பிக்கடைகள். முஸ்லிம்களின் அன்றாடப் பழக்கங்களைப் பார்த்து எழுத வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டுதான் அவர் பேருந்திலிருந்து இறங்கினார். எங்கள் மொழியை வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுவார். சலூன்காரன் ஃபாடில் கால் ஆணி வலி தாங்காமல் இடது செருப்பைக் கழற்றிப்போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இந்த நாட்டில் ஆண்கள் இடது காலணியைக் கழற்றிவிட்டே காப்பி அருந்துகிறார்கள்" என்றார். மறுநாள் கடைத்தெருவில் ஒரு இடது கால்கூட மூடியிருக்கவில்லை. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இஸ்தான்புல்லிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் பெல்கிரேடிலிருந்தும் எத்தனையோ பேர் வந்து, நாங்கள் யார் என்பதை எங்களுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் செருப்போடு விட்டாரே என்றிருந்தோம். பிறகு பூனைகளுக்குச் சலாம் சொல்லும் வழக்கம் வந்தது. பூனைகளும் பதில் சலாம் சொல்லின. "நம்ம பசங்களவிட உச்சரிப்பு சுத்தமா இருக்கு" என்று இமாம் மெவ்லுதின் திருப்திப்பட்டுக்கொண்டார்.

பாலத்தடியில் புரெக் என்னும் இறைச்சி அடைத்த சுருள்ரொட்டிக் கடை வைத்திருந்த ஸும்ரெதாவுக்கு அக்கரைக் காக்கைகளையும் விரட்டக்கூடிய குரல். அவள் கணவன் ரிஃபெத் அடுப்பைப் பார்த்துக்கொள்வான். ஒருநாள் அவளுடைய அண்ணன் வீட்டு விருந்தில், எல்லோர் முன்னாலும், அவள் செய்யும் புரெக்கில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லித் தொலைத்தான். அவள் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அதே நாள் சாப்பிட வந்த உர்ஸ் விலை கேட்டபோதும் முகவாயால் கணவனைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். உர்ஸ் புரிந்துகொண்டவராகத் தலையாட்டி, "இந்த நாட்டில் பெண்கள் பேசுவதில்லை" என்றார்.

மறுநாள் காலை ஊரில் ஒரு பெண்ணுக்கும் குரல் எழும்பவில்லை. உதடுகள் அசைந்தன, அவ்வளவுதான். முதலில் ஆண்களுக்குக் கொண்டாட்டம்.

"மாப்ள, கேக்குதா?" என்றான் ஃபாடில்.

"என்னது? ஒண்ணும் கேக்கலையே."

"அதான்டா! புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே!"

கொண்டாட்டம் நிலைக்கவில்லை. பேரம் பேச ஆளில்லாமல் தக்காளி விலை இரட்டிப்பானது. வீட்டுக்குக் கூப்பிட ஆளில்லாத குழந்தைகள் ஆற்றிலேயே கிடந்து உலர்ந்த பிளம் பழம்போலச் சுருங்கின. சொல்லப்படாத சொற்கள் வீடுகளில் தேங்கித் தேங்கி, ஜன்னல் கண்ணாடிகள் தாமாக விரிசல் விட்டன. ஜெர்மனியில் நிறைமாதமாக இருந்த ஸும்ரெதாவின் மகள் அம்ரா தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, ஏம்மா பேச மாட்டேங்கிற? எம்மேல கோவமா? எனக்குப் பயமா இருக்கும்மா." ரிஃபெத் ஃபோனை வாங்கி, அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றான். ஸும்ரெதா மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவள் தோள் குலுங்கக் குலுங்க மாவு பறந்தது. ரிஃபெத்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

இமாமைக் கூட்டிக்கொண்டு உர்ஸிடம் போனான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி இமாம் கேட்டார். உர்ஸ் நேர்மையான மனிதர், அதுதான் வினை. "நான் கண்டதை மட்டுமே சொல்வேன். பேசும் பெண்ணைக் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்றார்.

மறுநாள் மதியம் உர்ஸ் கடைக்கு வந்தபோது ரிஃபெத் கல்லாவுக்கு அடியில் பதுங்கியிருந்தான். ஸும்ரெதா தட்டை ணங்கென்று வைத்து வாயைத் திறந்தாள். கீழிருந்து கீச்சுக் குரல் புறப்பட்டது.

"என்னய்யா பாக்கற? சாப்பிடறப்பவாவது ஊரு ஞாயத்த விட மாட்டியா? எம்புருசன் ஒருத்தன் இருக்கான், கழுதை! கழுதைக்காவது பொதி சுமக்கத் தெரியும், இவனுக்குத் தன் காலுறை எங்க இருக்குன்னு தெரியாது. எங்கப்பா அன்னிக்கே சொன்னாரு, இவன் ஒண்ணுக்கும் ஆகமாட்டான்னு..."

நிறுத்த நினைத்தாலும் ரிஃபெத்தால் முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாங்கியதெல்லாம் ஒரு சொல் பிசகாமல் அவனுக்குள் இருந்தது. "எல்லார் முன்னாடியும் உப்பு தூக்கல்னு சொன்னானே, அது தப்புதான்" என்று தன் சொந்தச் சரக்கையும் நடுவில் சேர்த்துக்கொண்டான். அதைக் கேட்டதும் ஸும்ரெதா உதட்டசைக்க மறந்து நின்றாள். உர்ஸ் நல்லவேளையாகத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மன்னிக்கவும், தவறாகக் கவனித்துவிட்டேன். இந்த நாட்டில் பெண்கள் பேசுகிறார்கள். ஆண்கள் கேட்டுக்கொள்கிறார்கள்."

மறுநாள் விடியலில் பெண்கள் எழுப்பிய சத்தத்தில் ஆற்று மீன்கள் கரையேறின. ஸும்ரெதா முதலில் பேசியது கணவனிடம்.

"ஏய்யா, நான் என்ன எலி மாதிரியா கீச்சுக்கீச்சுன்னு கத்தறேன்? எங்கப்பா என்னிக்குய்யா உன்னை ஒண்ணுக்கும் ஆகமாட்டான்னாரு? ரொம்ப நல்ல பையன்னுதான்யா சொன்னாரு. இத்தனை வருசமா நாந்தான் மாத்திச் சொல்லிட்டிருந்தேன்."

பிறகு அம்ராவை அழைத்து, ஃபோன் சுடும்வரை பேசினாள். குழந்தை பிறந்தது, பெண். அன்றிலிருந்து எங்கள் ஊரில் மனைவி பேசும்போது குறுக்கே பேசக் கணவனுக்கு நாக்கு புரள்வதில்லை. ஆண்கள் கொஞ்சநாள் மருத்துவரிடம் காட்டிப் பார்த்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்.

உர்ஸ் ஊருக்குக் கிளம்பிய நாளில் ஸும்ரெதா பாலாடைக்கட்டி வைத்த சிர்னிட்சா ஒன்றை வழிக்குக் கட்டிக்கொடுத்தாள். பேருந்துப் படியில் நின்றே ஒரு கடி கடித்தவர், "இந்த நாட்டில் பாலாடைக்கட்டி வைத்ததையும் புரெக் என்றே அழைக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஊருக்கு மூச்சு நின்றது. இறைச்சி வைத்தது மட்டும்தான் புரெக். இந்த விஷயத்தில் வ்ரெலோவில் நிச்சயதார்த்தங்களே முறிந்திருக்கின்றன. மறுநாள் விடிந்ததும், தங்கள் வாயிலும் புரெக் என்றே வந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் கடை முன்னால் கூடிவிட்டார்கள். ஸும்ரெதா பாலாடைக்கட்டி வைத்ததை ஆவி பறக்கத் தட்டோடு வெளியே கொண்டுவந்து தூக்கிக் காட்டினாள்.

"இது என்னன்னு சொல்லுங்க."

"சிர்னிட்சா" என்றது ஊர்.

அவள் கடையைத் திறந்தாள்.