ஸ்டாப்வாட்ச் பிடித்த அப்பா

என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் முகம் வெளுத்துவிடும். ஆனால் பன்னிரண்டு வயது மகளுக்குத் தோளை எப்படித் திருப்புவது, மூச்சை எங்கே விடுவது என்று சாப்பாட்டு மேஜையில் கரண்டியை ஆட்டி ஆட்டி விளக்குவார். பகலெல்லாம் கடையில் மெத்தை விற்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் கோச் ஆகிவிடுவார். நிஜமான கோச் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கே பாடம் எடுத்ததில், இவர் தலையைக் கண்டாலே உடை மாற்றும் அறைக்குள் புகுந்துகொள்கிறாள்.

அன்று தேர்வுப் போட்டி. ஐம்பது மீட்டரை முப்பத்து நான்கு வினாடிக்குள் நீந்தினால் இளையோர் அணியில் இடம். மகளுக்கு அந்த இடம் வேண்டும். யாரும் சொல்லாமலே விடியற்காலையில் எழுந்து பையைக் கட்டுகிற பிள்ளை அவள். இவரோ, தான் தள்ளாவிட்டால் அவள் ஓர் அடி நகரமாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

அந்தக் குளத்தில் நேரம் குறிக்க ஆள் போதாது. அதனால் லேனுக்கு ஒரு பெற்றோர் என்று கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து உட்காரவைப்பார்கள். சொந்தப் பிள்ளையின் லேனை மட்டும் தரமாட்டார்கள். இவருக்கு ஆறாவது லேன். நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும், நான்காவது லேனிலிருந்த சாதுவான அப்பா ஒருவரிடம் இளித்துப் பேசி இடம் மாற்றிக்கொண்டார். அது மகளின் லேன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை.

விசில் ஊதியதும் மகள் பாய்ந்தாள். சும்மா சொல்லக்கூடாது, இவரும் சரியாக பட்டனை அழுத்தினார். அதற்குப் பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, குளத்து ஓரமாக அவளோடு ஓட ஆரம்பித்தார். கையை நீட்டு, காலை உதை, பக்கத்தில் பார்க்காதே என்று ஒரே கத்தல். தண்ணீருக்குள் தலையை வைத்திருக்கிற பிள்ளைக்கு என்ன கேட்கும்? அவள் திரும்பி வந்து முதலாவதாகச் சுவரைத் தொட்டாள். இவர் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். வலது கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது.

நடுவர் அம்மா வந்து கேட்டபோது அது ஐம்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. பட்டன் இறுகிப்போயிருக்கிறது என்றார் இவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நடுவர் வாங்கி ஒரே அழுத்தில் நிறுத்திக் காட்டினார். இரண்டாவதாக வந்த பெண்ணுக்கே முப்பத்து மூன்று புள்ளி ஒன்பது. ஆனாலும் குறிக்காத நேரத்தை எழுத முடியாது, அரைமணி கழித்து வேண்டுமானால் தனியாக நீந்தலாம் என்றார்கள். அசடு வழிய நின்ற அந்த மனிதரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. மகள் நீந்த ஆரம்பித்த நாளிலிருந்து நான்கு வருடம் இதையெல்லாம் பொறுத்துப்போன என்மேலும் ஆத்திரம் வந்தது.

வெட்கம் என்று ஒன்று இருந்தால் அதோடு விட்டிருப்பார். மகளின் தோளைப் பிசைந்துகொண்டே அடுத்த உபதேசத்தை ஆரம்பித்தார். அவள் கையை உதறிவிட்டு நடுவரிடம் போனாள்.

"நான் நீந்துறேன் மேடம். அப்பா வெளியில இருக்கணும்."

தனக்காக நான் பரிந்து பேசுவேன் என்று நினைத்து அவர் என்னைப் பார்த்தார்.

"போங்க," என்றேன்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. மகள் ஏற்கெனவே களைத்திருந்தாள். எவ்வளவு உதைத்தும் முப்பத்து நான்கு புள்ளி மூன்றுதான் வந்தது. இடம் போய்விட்டது.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர், "நான் பக்கத்துல இருந்திருந்தா வந்திருக்கும்," என்றார்.

மகள் அழவில்லை. தொப்பியைக் கழற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் நீந்துவேன்பா. அம்மா வரட்டும். நீங்க வர வேண்டாம்."

அவர் மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் தோளிலிருந்த மகளின் பையை வாங்கிக்கொண்டேன்.