பிரிகேடியர் வீட்டு வான்கோழி

சத்தர்பூரில் பிரிகேடியர் சாகிபின் பண்ணை வீட்டுக்குப் பின்னால் கீக்கர் முள்காடு. அதற்கு ராஜா ஒரு வான்கோழி. சாணக்யபுரியில் இருந்த தூதரக நண்பர் ஒருவர் கொடுத்த அமெரிக்கக் காட்டு ஜாதி. வந்த மாதமே வேலி தாண்டிவிட்டது. பிரிகேடியரும் வருஷா வருஷம் தன் நாட்டுத் துப்பாக்கியோடு அலைந்து பார்த்தார். வான்கோழி வாலை விரித்துக் காட்டிவிட்டுப் போனதுதான் மிச்சம். இந்த வருஷம் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. துப்பாக்கியைக் காவல்காரர் சிவஞானத்திடம் நீட்டி, நீயே சுடு என்றார்.

சிவஞானம் பழைய ஹவில்தார். சியாச்சின் பனி அவருடைய வலதுகையில் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது, விசை இழுக்கிற விரல் உட்பட. அதற்கப்புறம் அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. காவலுக்கும் தடிதான். இனி எதற்கும் லாயக்கில்லை என்று மனுஷன் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டது மனைவி அருக்காணிக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒருதரம் குறி தப்பாமல் சுட்டால் போதும், அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். கல்யாணத்துக்கு முன் காங்கேயத்தில் வான்கோழி வளர்த்தவள். பெட்டையின் குரலில் கூப்பிட வரும். தானும் கூட வருவதாகச் சொல்லி அவரைக் கிளப்பிவிட்டாள்.

மாசிக் காலையில் இருவரும் புதர் மறைவில் உட்கார்ந்தார்கள். ஈய ரவைப் பையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். குழல் வாய் வழியாக அவர் வெடிமருந்தைக் கொட்டினார், தேங்காய் நாரைத் திணித்தார், கம்பியால் குத்திக் கெட்டித்தார். மிச்சமிருந்த விரல்கள் அவசரமே இல்லாமல், ஒரு பொட்டு மருந்து சிந்தாமல் செய்த வேலையை அவள் வாய் பிளந்து பார்த்தாள். கட்டிக்கொண்ட நாளில்கூட இந்த மனிதரை இப்படிப் பார்த்திருப்பாளா, சந்தேகம்தான்.

பக்கத்திலேயே வான்கோழி கத்தியது. அவர் சட்டென்று பொட்டுவெடிக் கேப் ஒன்றைப் பொருத்தி, துப்பாக்கியை இடது தோளில் சாய்த்தார். அவள் பெட்டையாகக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை கணக்காக நெஞ்சை நிமிர்த்தி வந்தது அது. வெயிலில் இறகெல்லாம் செம்பாக மின்னிற்று. இரண்டு கட்டில் தூரம்கூட இல்லை.

அப்போதுதான் அவளுக்கு மடி கனத்தது. ரவை இன்னும் பையிலேயே இருந்தது. வாயைத் திறந்தால் பறவை பறந்துவிடும். கை நடுங்கவில்லை அவருக்கு. அவள் பேசவில்லை.

வெடித்தது. காடே புகை. புகை விலகியபோது வான்கோழி உடம்பை உதறி, அந்த வெடிக்கே பதில் சொல்வதுபோல உரக்க ஒருதரம் கத்திவிட்டு, நடந்தே போனது. ஓடக்கூட இல்லை. என்ன திமிர், என்ன அழகு!

சிவஞானத்தின் முகம் செத்துப்போயிற்று. "பாத்தயா? நாந்தான் அப்பவே சொன்னனல்ல" என்றார்.

"ரவை என்ர மடியிலதானுங்க மாமா கெடக்குது. நீங்க போடவே இல்லீங்க."

அவர் நம்பவில்லை. அவள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், அது நின்ற இடத்தைக் காட்டினாள். கருகிய நார் உருண்டை கிடந்தது. சுற்றிலும் நெஞ்சு இறகுகள் உதிர்ந்திருந்தன. அவர் குனிந்து ஒன்றை எடுத்தார், அந்த வலதுகையால்தான். உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். அவள் அழுதுவிட்டாள்.

வராந்தாவில் பிரிகேடியர் ஆவலோடு உட்கார்ந்திருந்தார். பட்டதா என்று இந்தியில் கேட்டார்.

சிவஞானம் விறைப்பாக நின்றார். "லகா, சாப். சீனே மே."

நெஞ்சிலேயே பட்டதென்றால் பறவை எங்கே என்று கேட்டார் அவர்.

"கோலி நஹீ தி, சாப்" என்று குண்டு இல்லாததையும் சொல்லி, ரவை போடாத ஹவில்தார் பெருமையாக ஒரு சல்யூட் அடித்தார்.