பாழ் என்றுதான் சொன்னாள்

ஆங்கிலத்தில் தன்னை அசைக்க ஆளில்லை என்று மைத்ரேயிக்கு ஒரு நினைப்பு உண்டு. இருக்காதா பின்னே? திருப்பதிக் கல்லூரியில் பல வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறாள். அழிவுக்கு மட்டும் அந்த மொழியில் எத்தனை சொல், எதை எங்கே வைப்பது என்று அவள் பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சுகூட வாயை மூடிக்கொண்டு கேட்கும். பட்டுப்புடவை மழையில் வீணாய்ப் போனால் அது ரூயின். புடவை கையில் இருக்கும், கட்டத்தான் முடியாது. முனிசிபாலிடிக்காரன் ஜேசிபி வைத்துத் தள்ளினால் டெமாலிஷ். அதற்கு ஓர் ஆள் வேண்டும், திட்டம் வேண்டும். தானாகச் சரிந்தால் கொலாப்ஸ். வெள்ளம் வந்து ஊரையே புரட்டிப் போட்டால் டிவாஸ்டேட். டேமேஜ் என்றால் பூசி மெழுகிவிடலாம். டெஸ்ட்ராய் என்று சொல்லிவிட்டாலோ, அப்புறம் ஒன்றும் மிச்சமில்லை. "மாத்திப் போட்டேள்னா மார்க் போயிடும்" என்று சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் வக்கீல் சுரேஷ்பாபு சித்தூர் கோர்ட்டுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார். அவர் தரப்புச் சாட்சி, நகரிக்குப் பக்கத்துக் கிராமத்துச் செங்கம்மா. ஊருக்கு மேலே இருக்கிற கல்குவாரியில் வெடி வைத்து வைத்து அவள் வீட்டின் பின்னறை விழுந்துவிட்டது. முன்னறைச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். பக்கவாதத்தில் விழுந்த அவள் புருஷன் ஆதிநாராயணன் அந்தச் சுவரோரமாகத்தான் படுத்திருக்கிறார். வெடி வைக்கக்கூடாது என்று கோர்ட் போட்ட தற்காலிகத் தடை அன்றோடு முடிகிறது. நீட்டுவதா வேண்டாமா என்று செங்கம்மா சொல்வதைக் கேட்டுத்தான் ஜட்ஜ் முடிவு செய்வார். அவரோ விசாகப்பட்டினத்துக்காரர், தமிழ் தெரியாது; எழுதிக்கொள்வதெல்லாம் ஆங்கிலத்தில்தான். செங்கம்மாவுக்குத் தெலுங்கு வரும், சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு.

"தப்பா எதனா பேசிட்டா இன்னா பண்றது? நீ நல்லா எட்த்துச் சொல்லும்மா" என்றாள் செங்கம்மா, கோர்ட் வராண்டாவில். "மறுபடி வெடி வெச்சானுங்கன்னா அந்தச் செவுரு அவரு மேலதான் வுழும்."

"அவரை வேற எங்கயாவது மாத்த முடியாதா?"

"கட்டிலோட தூக்கணும். ஒத்தப் பொம்பள நானு, ஆளுக்கு எங்க போவேன்? வெடி நின்னுக்கினு கீதே, அந்தத் தெகிரியத்துலதான் வுட்டுட்டு வந்தேன்."

"கவலைப்படாதீங்கம்மா. நான் பாத்துக்கறேன்" என்றாள் மைத்ரேயி.

அங்கேதான் பிடித்தது சனி. பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளை யார் கேட்டார்கள்? சொன்னதைச் சொல்லத்தானே கூப்பிட்டார்கள்!

உள்ளது உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று மைத்ரேயி சத்தியம் செய்தாள். சுரேஷ்பாபு முதல் கேள்வியைக் கேட்டார்: வெடியால் உங்கள் வீட்டுக்கு என்ன ஆயிற்று?

செங்கம்மா கும்பிட்டபடியே சொன்னாள். "வூடு பாழாப் பூடிச்சி சாமி."

ரூயின்ட். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஜட்ஜ் வேறேதோ கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை. ரூயின்ட் என்றால் இவர் பேனாவைத் தொடுவாரா? புடவைக்கும் பிக்னிக்குக்கும் சொல்கிற சொல்லாயிற்றே என்று மைத்ரேயிக்கு மனசு அடித்துக்கொண்டது. அந்தக் கட்டிலையும் சுவரையும் நினைத்தாள். "கம்ப்ளீட்லி டெஸ்ட்ராய்ட்" என்றாள்.

ஜட்ஜ் நிமிர்ந்தார். எழுதிக்கொண்டார். பார்த்தாயா, எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்கு ஆயுசு கொஞ்சம்தான். குவாரித் தரப்பு வக்கீல் கிரண்குமார் எழுந்து, போட்டோக்களை ஜட்ஜிடம் நீட்டினார். செங்கம்மாவின் வீட்டு முகப்பு. கதவு இருந்தது, கூரை இருந்தது, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் பளிச்சென்று ஒரு கோலம்.

"அடியோடு அழிந்துபோன வீட்டுக்கு யார் கோலம் போட்டது?" என்றார் கிரண்குமார். பின்வரிசையில் சிரித்தார்கள். "இப்படிப் பொய் சொல்ல யார் சொல்லிக்கொடுத்தது என்று சாட்சியைக் கேளுங்கள்."

அதையும் மைத்ரேயிதான் தமிழில் சொல்ல வேண்டும். "வீட்ல ஒண்ணுமே மிச்சமில்லன்னு பொய் சொன்னீங்களாம். யார் சொல்லிக்கொடுத்தான்னு கேக்கறார்."

"நானா?" செங்கம்மா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எப்போ அப்டி சொன்னேன்? முன்னாடி ரூமு நிக்கிதே! சாமி சத்தியமா நான் பொய் பேசலம்மா!"

மைத்ரேயி அதை அப்படியே சொன்னாள். "போட்டோவைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறாள்" என்றார் கிரண்குமார். ஜட்ஜ் செங்கம்மாவைப் பார்த்த பார்வையில் இரக்கம் போய்விட்டிருந்தது. மைத்ரேயி சும்மா இருந்துவிட்டால் அவள் பெயருக்கு ஒரு குறைவும் வராது, இந்தப் பொம்பளைதான் பொய்க்காரி என்ற பெயரோடு வீட்டுக்குப் போவாள்.

"யுவர் ஆனர், சாட்சி அப்படிச் சொல்லவில்லை" என்றாள் ஆங்கிலத்தில். "ரூயின்ட் என்றுதான் சொன்னார். டெஸ்ட்ராய்ட் நான் போட்ட சொல். கம்ப்ளீட்லி என்பதும் என்னுடையதுதான்."

"தெரியாமல் போட்டீர்களா?"

"தெரிந்துதான் போட்டேன்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சாட்சி மேல் குற்றமில்லை, ஆனால் இந்த வாக்குமூலத்தில் எந்தச் சொல் யாருடையது என்று இனி எப்படி நம்புவது என்று கேட்டார். முழுவதையும் நீக்கினார். அடுத்த வாரம் வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து முதலிலிருந்து விசாரணை என்றார். அதுவரைக்குமாவது தடையை நீட்டுங்கள் என்று சுரேஷ்பாபு கெஞ்சிப் பார்த்தார். எதை வைத்து நீட்டுவது என்றார் ஜட்ஜ்.

வெளியே வந்ததும் செங்கம்மா மைத்ரேயியின் கையைப் பிடித்தாள். "இன்னாம்மா சொன்னாரு?"

இதில் ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ மைத்ரேயிக்குத் துணிவில்லை. "தடை இன்னியோட முடிஞ்சுது. நாளைலேர்ந்து அவங்க வெடி வைக்கலாம். என்னாலதாம்மா. நீங்க பாழாப் போச்சுன்னு சொன்னீங்க. நான் ஒண்ணுமே மிஞ்சலன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொன்னாத்தான் அவர் காதுல ஏறும்னு நெனச்சேன்."

செங்கம்மா கையை விட்டாள். "ஒண்ணுமே மிஞ்சலன்னா சொன்ன?" என்றாள் மெதுவாக. "என் வூட்டுக்காரரு உசுரோட கீறாரேம்மா. அவர எந்தக் கணக்குல வெச்ச?"

மைத்ரேயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷியின் முன்னால் அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லையென்று பட்டது. திருப்பதி பஸ் புறப்படப்போவதாகக் கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நானும் நகரிக்கு வரேம்மா. பொழுது சாயறதுக்குள்ள அவரை வெளில கொண்டுவந்துடலாம்."

"நாலு ஆளு தூக்கணும்."

"வழில யார் கால்லயாவது விழுந்து கூட்டிண்டு போலாம்."

செங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த முகத்தில் மன்னிப்பு ஒன்றும் இல்லை.

"ஒரு பக்கம் நீ புடிப்பியா?"

"பிடிப்பேன்."

"பாதில கைய வுட்றக் கூடாது" என்றாள் செங்கம்மா. "வா."