மாங்காய்க்குப் பின்னால் வந்த பாட்டு

மூவர் இசைக்குழுவின் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் நகரியின் விசைத்தறிகளைப் பற்றியவை. ஒன்று மட்டும் மாங்காயைப் பற்றியது. ஸ்டூடியோவில் நேரம் மிஞ்சியதால், டிரம்ஸ் வாசிக்கும் சிட்டிபாபு விளையாட்டாகப் பாடியது.

எதை முதலில் தனியாக வெளியிடுவது என்று திருப்பதியில், கிடார் வாசிக்கும் பவ்யாவின் வீட்டு மொட்டைமாடியில் பேசினார்கள். பாட்டுகளை எழுதிப் பாடும் குணா, ‘கரண்ட்’ என்றான். தறிச்சத்தம் ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்று, நெடுநேரம் ஒன்றுமே கேட்காமல் இருந்து, பிறகு தொடரும் பாட்டு. அந்த நிசப்தத்துக்காகத்தான் அவன் ஆல்பத்தையே செய்தான்.

“கேக்கறவன் போன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிக்கினு அடுத்த பாட்டுக்குப் போயிடுவான்,” என்றான் சிட்டிபாபு. “மாங்கா சீசன் நடந்துகினு இருக்குது. அந்தப் பாட்ட மொதல்ல உடு. அதக் கேக்க வர்றவன் மத்ததையும் கேப்பான்.”

பவ்யாவும் மாங்காய் என்றாள்.

பங்காருபாளையம் மண்டியில் லாரிக்கு லாரி மாங்காய்ப் பாட்டு ஓடியது. சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை ஆண்டு விழாவுக்கு அழைத்தது. பிறகு முழு ஆல்பமும் வந்தது. “இதுல மாங்கா எத்தினியாவது நிமிஷத்துல வருது?” என்று ‘கரண்ட்’டின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். ஜாலியாக இருந்த குழு ஏன் இப்படி ஆகிவிட்டது என்று இன்னொருவர் வருந்தியிருந்தார். மாங்காய்க்கு முன்பு அவர்கள் ஜாலியாக இருந்ததில்லை.

திருப்பதியில் ஒரு கல்லூரி விழாவில், நிசப்தம் வந்ததும் மாணவர்கள் ‘மாங்கா, மாங்கா’ என்று கத்தி அந்த இடைவெளியை நிரப்பினார்கள்.

“நகரியில ஒரு தபா வாசிப்போம்,” என்றாள் பவ்யா. “அங்கயும் எடுபடலன்னா இத உட்டுடலாம், குணா.”

குணா தலையாட்டினான்.

நகரியில் தறிக்காரர்கள் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் குணாவின் நைனா கேசவன், தறி ஓட்டுகிறவர். ‘கரண்ட்’ ஏறியது. நின்றது.

யாரும் கத்தவில்லை. கேசவன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு எல்லோரும்.

சிட்டிபாபு குச்சியைத் தூக்கியபடியே முணுமுணுத்தான். “இன்னாடா, காலியாயிடுச்சு. ஆரம்பிக்கட்டா?”

“இரு. டீக்கடைக்குப் போறாங்க. கரண்டு போயி தறி நின்னா இங்க அப்படித்தான்,” என்றான் குணா.

கடைசி ஆள் கையில் கிளாஸை வாங்கும்வரை குணா நிசப்தத்தை நீட்டினான். பிறகு கண்ணைக் காட்டினான். டிரம்ஸ் கேட்டதும், கரண்ட் வந்தால் தறிக்கு ஓடுகிற வேகத்தில் அத்தனை பேரும் பாதி டீயை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடியும்வரை யாரும் அசையவில்லை.

கேசவன் மேடையோரம் வந்தார். “முழுசாக் குடிக்க உடலியேடா,” என்றார். “சரி, அந்த மாங்காவயும் பாடிடுங்க. புள்ளைங்க கேக்குது.”

பாடினார்கள்.

திரும்பும் வழியில், “அப்ப ‘கரண்ட்’ இருக்கட்டும்,” என்றாள் பவ்யா.

குணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இருக்கட்டும்,” என்றான் சிட்டிபாபு. “ஆனா எங்க வாசிச்சாலும் பக்கத்துல டீக்கடை கீதான்னு பாத்துக்கணும்.”